மிஷின் நிற்கும் நேரம்

அண்ணிக்குக் கால் வலி விடவில்லை. போன வாரமே விட்டிருக்க வேண்டிய வலி. அது ஏன் விடவில்லை என்று மண்டையைக் குடைந்துகொண்டு சின்னவள் கிளினிக்கைப் பூட்டிய இடத்தில் போன அத்தியாயத்தை நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் பதில் கிடைத்துவிடும். கிடைக்காமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றினால் அதற்கு நான் பொறுப்பில்லை.

இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. சின்னவள் பிசியோதெரபிஸ்ட். ஆசையாக ஓட ஆரம்பித்துக் காலைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு மறுபடி ஒழுங்காக ஓடச் சொல்லித்தருவது அவள் வேலை. அவள் அண்ணன் பெரியவன், லிஃப்ட் மெக்கானிக். போன மழைக்காலத்தில் ஒரு கட்டடத்துக்கு லிஃப்ட் சரிபார்க்கப் போனவன் உயிரோடு வீட்டுக்குத் திரும்பவில்லை. அப்பா லாரி ஓட்டுகிறவர். முன்பெல்லாம் மாதத்தில் பாதி நாள் வெளியே இருப்பார். மகன் போன பிறகு வீட்டுக்கு வரவே பயந்து, கிடைத்த லோடுக்கெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார்.

மிச்சமிருப்பது மூன்று பெண்கள். முன்னறையில் தையல் மிஷினோடு அம்மா, சின்னவள், அப்புறம் பெரியவனின் மனைவி, நம் அண்ணி.

அண்ணி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவள். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடிப் பழக்கமில்லை. வந்து அழுதவர்களெல்லாம் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் ஷூவை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். பெரியவன் பத்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றுக்குப் பேர் கொடுத்து வைத்திருந்தான். அதை அவனுக்குப் பதில் தான் ஓடப்போவதாகச் சொன்னாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்கிற தெம்பு அந்த வீட்டில் அப்போது யாருக்கும் இல்லை.

ஓட்டம் இப்போது கிட்ட வந்துவிட்டது. கால்தான் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது.

*

கிளினிக் ஒரு ஃபர்னிச்சர் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. டிரெட்மில்லில் புது ஆள் யாராவது ஏறினால் கீழே வரிசையாக நிற்கும் பீரோக்களின் கண்ணாடிகள் கிடுகிடுவென்று ஆடும். கடைக்காரர் மூச்சு வாங்கப் படியேறி வந்து கதவில் தலையை மட்டும் நீட்டுவார். "யாரோ புதுசா சேர்ந்திருக்காங்க போலிருக்கு" என்பார். கோபமெல்லாம் கிடையாது. பீரோ வாங்க வந்தவர் பயந்துபோய்ப் பாயை வாங்கிக்கொண்டு போகிறார் என்பது மட்டும்தான் அவர் குறை.

அவர் மேலே வருவது நின்றுவிட்டால் அந்த ஆளுக்குப் பாடம் முடிந்தது என்று அர்த்தம். சின்னவள் இதை விளையாட்டாகச் சொல்வாள், ஆனால் அதில் பொய் ஒன்றும் இல்லை.

டிரெட்மில்லுக்கு எதிரே ஒரு திரை இருக்கும். கால் கீழே விழும் ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு பச்சைக் கோடு எகிறும். தொப்பென்று விழுந்தால் கோடு உச்சிக்குப் போகும். மெதுவாக விழுந்தால் பாதியிலேயே அடங்கிவிடும்.

"காலை இப்படி வை, அப்படி வைன்னு நான் பாடம் நடத்த மாட்டேன்" என்று சின்னவள் எல்லோரிடமும் முதல் நாளே சொல்லிவிடுவாள். "சத்தம் இல்லாம ஓடுங்க. கீழ் வீட்டுக்காரன் சண்டைக்குன்னே பொறந்தவன்னு நெனச்சுக்கோங்க. கால் தானா வழி கண்டுபிடிச்சுக்கும்."

பெரும்பாலும் கண்டுபிடித்துக்கொள்ளும். எட்டிப் போட்ட அடி தானாகச் சின்னதாகும், முழங்கால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், உடம்புக்கு முன்னால் போய் இடித்த குதிகால் உடம்புக்கு அடியிலேயே வந்து இறங்கும். கொஞ்ச நாள் கழித்துத் திரையைக் கொஞ்சம் திருப்பிவைப்பாள். அப்புறம் இன்னும் கொஞ்சம். கடைசியில் திரை சுவரைப் பார்த்து நிற்கும், ஓடுகிறவர் தன் காதை மட்டும் நம்பி ஓடுவார். திரைக்கு முன்னால் ஒழுங்காக ஓடுவது பெரிய காரியமில்லை. யாரும் பார்க்காத தெருவிலும் அதே மாதிரி ஓட வேண்டும்.

அண்ணி முதல் முறை இந்த டிரெட்மில்லில் ஏறிய நாளைச் சின்னவளால் மறக்க முடியாது. கோடு உச்சியிலேயே குடியிருந்தது. கடைக்காரர் மேலே வந்து, "ரெண்டு பேரா ஓடறாங்க?" என்று கேட்டார். சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் இருந்த பேனாவைக் கீழே போட்டுவிட்டு வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டி எட்டிப் போடும் நீட்டு அடி. ஆணி அடிப்பதுபோல் இறங்கும் குதிகால். காரணமே இல்லாமல் கொஞ்சம் தூக்கிய வலது தோள். ஓடியது அண்ணிதான், ஆனால் ஓட்டம் பெரியவனுடையது.

"அண்ணி, இப்படி ஓட உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தா?"

"யாரும் சொல்லிக்கொடுக்கலை. அவர் ஓடறப்பல்லாம் தண்ணி பாட்டிலை எடுத்துக்கிட்டு ஸ்கூட்டர்ல பின்னாலயே போவேன். வருஷக்கணக்கா நான் பார்த்தது அவர் குதிகாலைத்தான். ஓடறதுன்னா அதுதான்னு நெனச்சுட்டேன்."

பெரியவன் பனைமரம். அண்ணி அவன் தோள் உயரம். அவன் எட்டு வைத்த தூரத்தை எட்ட அவள் காலை இழுத்து நீட்டி இடிக்க வேண்டியிருந்தது. அந்த இடியெல்லாம் முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பில் போய் உட்கார்ந்துகொண்டது. இதெல்லாம் பழைய கதை.

இன்று காலை அப்படி இல்லை. திரை சுவரைப் பார்த்து நின்றது. அண்ணி ஓடிக்கொண்டிருந்தாள், பெல்ட் சுற்றும் சத்தத்தைத் தவிர அறையில் வேறு சத்தமே இல்லை. படியில் மூச்சு வாங்கும் ஓசை கேட்டது. கடைக்காரர் தலையை நீட்டினார்.

"என்ன மேடம், இன்னைக்குக் கிளினிக் லீவா? கீழ கண்ணாடியெல்லாம் கம்முனு இருக்கே."

அப்போதுதான் டிரெட்மில்லைப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த அண்ணியை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓ, இவங்க ஓடிட்டுத்தான் இருக்காங்களா" என்று சொல்லிவிட்டு, ஏறி வந்த படியெல்லாம் வீணாகிவிட்டதே என்கிற முகத்தோடு இறங்கிப் போனார்.

அண்ணி சிரித்தாள். எத்தனையோ மாதம் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள். சின்னவளும் சிரித்தாள். இரண்டு பேரும் சிரித்து முடித்த பிறகு ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

டிரெட்மில்லை விட்டு இறங்கியதும் அண்ணியின் கை தானாகக் காலுக்குப் போனது. சின்னவள் பார்த்துவிட்டாள்.

"உட்காருங்க. எங்கே வலிக்குது, காட்டுங்க."

"அதே இடம்தான்."

"கெண்டைக்கால்னா பரவாயில்லை. புது ஓட்டத்துக்கு அதுதான் வேலை செய்யுது, கொஞ்ச நாள் முனகும். எலும்பு ஏன் இன்னும் வலிக்குது?"

"என்னைக் கேட்டா? நீதானே டாக்டர்." அண்ணி அவளைக் கிண்டலாக டாக்டரே என்றுதான் கூப்பிடுவாள்.

சின்னவள் எலும்போரமாகக் கட்டைவிரலை ஓட்டினாள். "உள்ளங்கை அகலத்துக்கு வலிச்சா சமாளிச்சுடலாம். ஒரு விரல் நுனி வைக்கிற இடத்துல மட்டும் சுருக்குனு குத்திச்சுன்னா எலும்புல கீறல் விழப்போகுதுன்னு அர்த்தம். அப்படி எங்கயாவது இருக்கா?"

"இல்லை. பரவலாத்தான் இருக்கு."

"தெருவுல எப்படி ஓடறீங்க?"

"இங்க எப்படியோ அப்படித்தான்." அண்ணி குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தாள். அவிழ்க்கத் தேவையில்லாத கயிறு. ஷூவோடுதான் அவள் கடைக்குப் போவாள்.

அதைச் சின்னவள் அப்போது கவனித்திருக்க வேண்டும். அடுத்த ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார், கவனிக்கவில்லை.

*

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தாள். அம்மா ஜன்னலோரம் மிஷினில் உட்கார்ந்து நர்சுகள் போடுகிற வெள்ளைக் கோட்டுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். காலால் மிதித்து ஓட்டும் பழைய மிஷின். மோட்டார் வைத்துத் தருவதாகப் பெரியவன் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். அம்மா கேட்கவில்லை. மோட்டார் வைத்தால் மிஷின் தன்னை ஓட்டும், தனக்கு அது வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அம்மாவின் முகம் இன்று தெளிவாக இருந்தது. சின்னவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் எதிரிலேயே உட்கார்ந்தாள் அம்மா.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். பைத்தியம்னு நெனைக்கக் கூடாது."

"நெனைக்கலை. சொல்லு."

"சாயங்காலம் மெடிக்கல் ஷாப் முனை திரும்பி ஓடி வர்றா பாரு உங்க அண்ணி. அப்படியே அவன் வர்ற மாதிரி இருக்குடி. அதே தம் தம்னு. நான் மிஷினை நிறுத்திட்டுக் கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்துடுவேன். கேட் திறக்கிற வரைக்கும் அவன்தான் வர்றான். கேட் திறந்தா அவ வந்துடறா. பரவாயில்லை. தினம் அவ்வளவு நேரம் கிடைச்சாப் போதும் எனக்கு."

சின்னவளின் கை தட்டிலேயே நின்றது. காலையில் பீரோக் கண்ணாடிகூட ஆடாமல் ஓடியவள் அண்ணி. அவள் ஓடி வரும் சத்தம் மூடிய ஜன்னலைத் தாண்டி அம்மாவுக்கு எப்படிக் கேட்கும்?

"எப்பலேர்ந்து கேக்குது?"

"ஆரம்பத்துலேர்ந்தே. நடுவுல கொஞ்ச நாள் சத்தத்தையே காணோம். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. என்னம்மா, ஓடறதை விட்டுட்டியா, சத்தமே கேக்கறதில்லையேன்னு அவளையே கேட்டுட்டேன். இல்லை அத்தை, ஓடறேனேன்னா. மறுநாளே பழையபடி கேக்க ஆரம்பிச்சுடுச்சு."

அம்மா இதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தாள். மகன் பிறந்த கதையைச் சொல்லும்போது சிரிப்பாளே, அதே சிரிப்பு. இத்தனை நாள் மண்டையைக் குடைந்த கேள்விக்குப் பதில் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்திருந்தது.

சொல்லாமல் எழுந்து போயிருக்கலாம். நேராக அண்ணியிடம் பேசி, காதும் காதும் வைத்தாற்போல் முடித்திருக்கலாம். சின்னவளுக்கு அந்தப் பொறுமை என்றைக்குமே கிடையாது. தவிர, அவளுக்குக் கோபமும் வந்துவிட்டது. யார்மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

"அம்மா, அந்தச் சத்தம் அண்ணியோட எலும்புலேர்ந்து வருது."

"என்னடி உளர்றே? ஓடினா சத்தம் வரத்தான் செய்யும்."

"வராது. வராம ஓட நான் பழக்கிட்டேன். நீ கேட்டியேன்னுதான் வேணும்னே இடிச்சுக்கிட்டு வர்றா. அதனாலதான் வலி போகவே மாட்டேங்குது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனா எலும்பு விட்டுடும்."

"நான் அவளை இடிச்சுக்கிட்டு வரச் சொன்னேனா?"

"சத்தம் ஏன் இல்லைன்னு கேட்டியேம்மா."

அம்மா மடியில் கிடந்த நூல் பிசிறுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கையில் சேர்த்தாள். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"நான் மிஷினை நிறுத்தறது அவளுக்குத் தெரியுமா?"

"தெருவுல வர்றவளுக்கு ஓடிட்டிருந்த மிஷின் நின்னா தெரியாதா?"

அம்மா எழுந்து மிஷினுக்குப் போய்விட்டாள். துணியை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்தாள். காலை மட்டும் மிதிமேல் வைக்கவில்லை.

"சாப்பிடு. ஆறிப்போகுது" என்றாள் திரும்பாமலே.

சின்னவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பேருக்குக் கொறித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தாள். செருப்பை மாட்டும்போது அம்மா கூப்பிட்டாள்.

"ஏண்டி, கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கச் சொல்ல முடியாதா? ஒரேயடியா நின்னுபோகாம. நீகூட அந்த டிவியைக் கொஞ்சம் கொஞ்சமாத்தானே திருப்பி வைப்பேன்னு சொல்லுவே."

இதற்குச் சின்னவளிடம் பதில் இருந்தது. எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுத்துக்கொள்ளாது என்பதுதான் அது. அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு முடியும் என்று அர்த்தமா, முடியாது என்று அர்த்தமா என்று அம்மாவும் கேட்கவில்லை.

*

சாயங்காலம் கடைசி இரண்டு பேரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு மெடிக்கல் ஷாப் முனைக்கு வந்து நின்றாள். எதுவும் வாங்காமல் நிற்பவளை ஷாப்காரர் இரண்டு தடவை பார்த்தார். மூன்றாவது தடவை பார்ப்பதற்குள் ஒரு இருமல் மிட்டாய்ப் பொட்டலம் வாங்கிக்கொண்டாள்.

முனையிலிருந்து பார்த்தால் இந்தப் பக்கம் பெரிய சாலை, அந்தப் பக்கம் அவர்கள் தெரு. நாலு வீடு தள்ளி அவர்கள் வீட்டு கேட். அம்மாவின் மிஷின் ஓடுவது இங்கேயே கேட்டது.

சாலையில் அண்ணி வந்துகொண்டிருந்தாள். சின்னச் சின்ன அடி. தோள் இரண்டும் தளர்ந்து சமமாக இருந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த வயதானவர் ஒருவர், அவள் பக்கத்தில் வந்த பிறகுதான் திடுக்கிட்டு ஒதுங்கினார். சொல்லிக்கொடுத்தவளுக்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. இவ்வளவு அழகாக ஓடத் தெரிந்தவள், முனை திரும்பியதும் அதையெல்லாம் கழற்றி வைத்துவிடுகிறாளே என்று நினைத்தபோது வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

சின்னவளைப் பார்த்ததும் அண்ணி நின்றுவிட்டாள். முகம் அப்பட்டமாக மாட்டிக்கொண்ட முகம்.

"இங்க என்ன பண்றே டாக்டரே?"

"நீங்க என்ன பண்றீங்கன்னு பார்க்க வந்தேன்."

அண்ணி இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினாள். மழுப்ப நினைத்திருப்பாள். சின்னவளின் கண்ணைப் பார்த்ததும் விட்டுவிட்டாள்.

"அத்தை சொன்னாங்களா?"

"சத்தம் திரும்ப வந்துடுச்சுன்னு சந்தோஷமா சொன்னாங்க. அவங்களுக்காக நீங்க காலை ஒடைச்சுக்குவீங்களா?"

"அவங்களுக்காகன்னு மட்டும் சொல்லாதே." அண்ணி மெடிக்கல் ஷாப் படியில் ஓரமாக உட்கார்ந்தாள். "அவங்க கேட்டாங்க, மறுநாள் இடிச்சு ஓடினேன், உண்மைதான். இந்த முனை திரும்பி நாலு அடி வெச்சதும் மிஷின் நின்னுச்சு பாரு. அப்பதான் எனக்கே தெரிஞ்சுது. அந்த வீட்டுல ஒருத்தங்க அவர் வர்றாருன்னு எல்லாத்தையும் போட்டுட்டு உட்கார்ந்திருக்காங்க. கடையிலயும் பஸ்லயும் எல்லாருக்கும் அவர் போயிட்டாரு. அங்க மட்டும் தினம் வர்றாரு. அதை எப்படி நான் நிறுத்துவேன்?"

சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன் கிளினிக்ல கோடு குட்டையாகக் குட்டையாக நீ கைதட்டுவே. எனக்கு அழுகை வரும். நான் ஒழுங்கா ஓட ஓட அவர் என் கால்லேர்ந்து இறங்கிப் போயிட்டே இருக்காரு. இந்தத் தெருவுலயாவது இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அண்ணி, அம்மாகிட்ட நான் மத்தியானமே சொல்லிட்டேன். எலும்பு கெட்டுப்போகுதுன்னு."

அண்ணியின் கை சட்டென்று விலகியது.

"ஏன் சொன்னே?"

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க? இந்தக் காலோட நீங்க அந்த ஓட்டத்தை ஓட முடியாது. அப்புறம் எதையுமே ஓட முடியாம போயிடும்."

"அவங்க இனிமே மிஷினை நிறுத்த மாட்டாங்களா?"

குழந்தை கேட்பதுபோல் கேட்டாள். சின்னவள் இருமல் மிட்டாய்ப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவுக்குள்ளிருந்து மிஷின் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது.

"நீ சொன்னதை அவங்க நம்பியிருக்க மாட்டாங்க" என்றாள் அண்ணி. "நான் வந்தா நிறுத்துவாங்க."

"அண்ணி, வேண்டாம்."

எட்டிப் பிடிப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள். முனை திரும்பினாள். ஓடினாள்.

தம். தம். தம்.

சின்னவள் எழுந்து நின்றாள். இந்த நேரத்தில் அவள் என்றைக்கும் கிளினிக்கில்தான் இருப்பாள். தெருவில் இந்தச் சத்தத்தை அவள் இன்றுதான் முதல் தடவையாகக் கேட்கிறாள். பள்ளிக்கூடத்து நாட்களில் ஜன்னலுக்கு வெளியே இதே சத்தம் வந்து நிற்கும், அப்புறம் கேட் கிரீச்சென்று திறக்கும், அப்புறம் "சின்னு, தண்ணி கொண்டா" என்று குரல் வரும். எழுந்து போகச் சோம்பலாக இருக்கும். போகவும் மாட்டாள்.

நில்லுங்க என்று கத்த வேண்டியவள் அவள்தான். அந்த எலும்பு எந்த நிலையில் இருக்கிறது என்று அந்தத் தெருவில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வாய் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். இரண்டாவது வீடு தாண்டுகிற வரைக்கும் அண்ணன் ஓடி வந்தான்.

மிஷின் நிற்கவில்லை.

அதுதான் அவளை உலுக்கியது. கண்ணைத் திறந்தாள். அண்ணி இன்னும் பலமாக இடித்தாள். தோளை அவனைப்போலவே தூக்கிக்கொண்டு, காலை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி இடித்தாள். எதிர்வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கூட எட்டிப் பார்த்தார். மிஷின் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணி" என்று இப்போதுதான் குரல் வந்தது. சின்னவள் ஓடினாள்.

மூன்றாவது வீட்டுக்கு முன்னால் அண்ணியின் ஓட்டம் தளர்ந்தது. அடி சின்னதானது. கடைசி வீட்டைச் சத்தமே இல்லாமல் கடந்தாள். சின்னவள் பக்கத்தில் வந்தபோது அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அழவில்லை. உள்ளே போகத்தான் தயங்கினாள். சின்னவள்தான் கேட்டைத் திறந்து, தோளில் கை போட்டு அழைத்துப் போனாள்.

அம்மா அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிஷினில் குனிந்திருந்தாள். கால்கள் வேகமாக மிதித்தன. ஊசி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

சின்னவள் அருகில் போனபோது பார்த்தாள். ஊசிக்கு அடியில் துணி இல்லை. வெள்ளைக் கோட்டின் கை எப்போதோ தைத்து முடிந்து கீழே விழுந்து கிடந்தது. நூலும் அறுந்திருந்தது. வெறும் ஊசி வெறும் தகட்டின் துளையில் குத்திக்கொண்டிருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு மிதித்தாள்.

"வந்துட்டியாம்மா?" என்றாள் திரும்பாமல். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள ரொம்பப் பாடுபட்டாள். "நீ வந்த சத்தமே எனக்குக் கேக்கலை. நல்லாப் பழகிட்டே."

அண்ணியும் பார்த்துவிட்டாள், துணி இல்லாததை. வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

"கேக்கலைம்மா, நிஜமா" என்றாள் அம்மா மறுபடியும். "இனிமே எனக்காகப் பார்க்காதே. உன் காலைப் பார்த்துக்கோ. அந்த ஓட்டத்தை நீ முடிச்சுட்டு வா, அது போதும் எனக்கு."

மிதி நிற்கவில்லை. நிறுத்தினால் என்ன ஆகும் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் தோள் குலுங்குவதை மிஷினின் குலுக்கல் மறைத்துக்கொண்டிருந்தது.

அண்ணி அவளிடம் போக ஒரு அடி எடுத்து வைத்தாள். வைத்த காலை உடனே தூக்கிக்கொண்டாள். சுவரைப் பிடித்தபடி மெல்லத் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். கை எலும்போரமாக இறங்கி வந்து ஒரு இடத்தில் நின்றது. உள்ளங்கை விலகியது. ஒரு விரல் மட்டும் அங்கே இருந்தது.

"டாக்டரே" என்று கூப்பிட்டாள். இந்தத் தடவை அதில் கிண்டல் இல்லை. "ஒரு விரல் வைக்கிற இடம்னு காலையில கேட்டியே. இங்கேதான்."

மிஷின் அப்போதுதான் நின்றது.